எல்லாம் ஓடுகிறது என்றால் வயரிங் சரியாக இருக்கிறதா?

வாசகர் கேள்வி:

ஐயா, சுமார் முப்பது ஆண்டு பழைய வீடு ஒன்றை வாங்கி, சில மாதங்களுக்கு முன்பு குடிவந்தோம். லைட், ஃபேன் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் சில விஷயங்கள் மனதை உறுத்துகின்றன. ஈரக் காலோடு நின்று வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. குளியலறை ஹீட்டரின் பிளக்கைக் கழற்றும்போது நல்ல சூடாக இருக்கிறது. படுக்கையறையில் ஒரு எல்.இ.டி. பல்பு, சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக் காட்டினோம். டெஸ்டரை நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சப்ளை நல்லா இருக்கு, எம்.சி.பி. எல்லாம் போட்டிருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை” என்றார். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று இருப்பதாகவும், அடிக்கடி விழுகிறது என்று முன்பு இருந்தவர்கள் அதை விலக்கி வயரை நேராக இணைத்து டைரக்ட் செய்துவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். வீட்டில் வயதான மாமியாரும் தவழும் குழந்தையும் இருக்கிறார்கள். சுவருக்குள் இருக்கும் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? முழு வயரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

விளக்கம் பிறகு. முதலில் இரண்டு காரியங்களை இன்றைக்கே செய்துவிடுங்கள். வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் போகும் எம்.சி.பி.களை (மெயின் போர்டில் உள்ள, தானாக விழும் சுவிட்சுகள்) அணையுங்கள். எது எதற்கு என்று தெரியாவிட்டால் மெயினையே அணையுங்கள். அதன் பிறகு, கையும் காலும் உலர்ந்திருக்க, அந்த இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். முறையாகச் சோதித்து முடிக்கும் வரை இரண்டையும் பயன்படுத்த வேண்டாம். சிரமம்தான், தெரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிலும் அந்த எலக்ட்ரீஷியன் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் உங்கள் கடிதத்திலேயே மிகப் பெரியது.

வீட்டு வயரிங்கில் இரண்டு பங்கு இருக்கிறது. விளக்கை எரிய வைப்பதும் ஃபேனைச் சுற்ற வைப்பதும் ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு வயர்களின் வேலை. அதில் குறை வந்தால் உடனே தெரிந்துவிடும், விளக்கு எரியாது. இன்னொரு பங்கு, நம்மைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இருப்பது: எர்த் வயர், ஆர்.சி.சி.பி., வயரின் மேலுள்ள இன்சுலேஷன். இவை கெட்டுப்போனாலும் எந்தப் பொருளும் நிற்காது. எர்த் வயர் அறுந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் ஃபிரிட்ஜ் குளிர்வித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் “எல்லாம் ஓடுகிறது” என்பது முதல் பங்கைப் பற்றிய செய்தி மட்டுமே. இரண்டாவது பங்கை நாமாகத் தேடிப் போய், கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். மறைந்திருக்கும் ஆபத்துகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன.

உங்கள் வாஷிங் மெஷினையே எடுத்துக்கொள்வோம். சுருக்கென்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். இன்றைய வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போன்றவற்றில் மின் இரைச்சலை வடிகட்டச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இணைப்பு இல்லாவிட்டால் அவை வழியாக வெளி உலோகத்தில் சப்ளை வோல்ட்டேஜில் பாதி அளவு வந்து நிற்கும். கசியும் கரண்ட் மிகக் குறைவு, சுருக்கென்பதோடு நின்றுவிடும். இரண்டாவது, மெஷினுக்குள்ளேயே மோட்டாரிலோ ஹீட்டிங் காயிலிலோ இன்சுலேஷன் கெட்டிருக்கலாம். இது உயிருக்கு ஆபத்தானது. மூன்றாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. வீட்டின் எர்த் வயர்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்து, நிலத்தோடு மட்டும் தொடர்பு விட்டுப்போயிருந்தால், ஹீட்டரில் வரும் கசிவு அந்த எர்த் வயர் வழியாகவே ஓடி வாஷிங் மெஷினின் உடம்புக்கு வந்துவிடும். கோளாறு ஒரு இடத்தில், ஷாக் வேறொரு இடத்தில்.

இந்த மூன்றில் எது என்று கையை வைத்துப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் உங்களுக்குச் சுருக்கென்றே இருக்காது. ஆகவே எர்த் இல்லை, அல்லது மிக மோசமாக இருக்கிறது என்பதை இப்போதே ஏறக்குறைய உறுதியாக வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் இது தெரியவே தெரியாது. நியான் விளக்குள்ள டெஸ்டர் ஒரு இடத்தில் வோல்ட்டேஜ் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். எர்த் இருக்கிறதா, இன்சுலேஷன் எந்த நிலையில் இருக்கிறது, ஜாயிண்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று எதையும் அது சொல்லாது. பக்கத்து வயரின் தூண்டுதலாலும் எரியும். ரப்பர் செருப்போடு காய்ந்த பலகைமேல் நிற்பவர் கையில் சப்ளை இருந்தும் சரியாக எரியாமல் போகும். டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி எந்த வயரையும் தொடக் கூடாது.

“எம்.சி.பி. இருக்கிறது, பயம் வேண்டாம்” என்பதற்கு வருகிறேன். இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எம்.சி.பி. காப்பது வயரை. அளவுக்கு மேல் கரண்ட் போய் வயர் சூடாகி எரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மனித உடம்பு வழியாகப் போகும் கரண்ட் அதன் கண்ணிலேயே படாது. சுமார் 10 மில்லி ஆம்பியர் போனாலே கைத் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் வருகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர். அது விழுவதற்குத் தேவையான கரண்டில் மிகச் சிறு துளியே ஒரு உயிரை எடுக்கப் போதும்.

சரி, நிலத்துக்குள் நல்ல எர்த் ராடு இறக்கியிருந்தால் எம்.சி.பி. விழுந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சப்ளை 230 வோல்ட். வீட்டு எர்த் ராடின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம், காய்ந்த மண்ணில் இது சாதாரணம். ஃபேஸ் வயர் மெஷினின் உடம்பைத் தொட்டுவிட்டால் எர்த் வழியாகப் போகும் கரண்ட் 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. மெஷினின் உடம்பு முழு வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கும். எர்த் இருந்தும் இதுதான் நிலை. சப்ளைக் கம்பெனியே எர்த் இணைப்பும் கொடுக்கும் இடங்களில் நிலைமை இதைவிட மேல். சொந்த எர்த் ராடை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆர்.சி.சி.பி. செய்வது எளிமையான வேலை. ஃபேஸில் உள்ளே போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. திரும்பி வருவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ வழிதவறிப் போகிறது என்று பொருள். அது ஒரு மனித உடம்பாகவும் இருக்கலாம். 0.3 விநாடிக்குள் சப்ளையைத் துண்டித்துவிட வேண்டும். நல்ல கருவிகள் அதற்கும் வெகு முன்பே துண்டித்துவிடும். இதற்கும் ஒரு எல்லை உண்டு: ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாக ஒருவர் பிடித்துவிட்டால், போவதும் வருவதும் சமமாகவே இருப்பதால் இதுவும் காப்பாற்றாது.

அந்தக் கருவியைத்தான் உங்கள் வீட்டில் டைரக்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி விழுந்தது என்றால், பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹீட்டர் காயிலில் கசிவு, ஈரம் இறங்கிய சுவரில் ஊறிப்போன ஜாயிண்ட், ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் எர்த்தைத் தொடுவது, இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரல்கள் மாறிப்போய் ஒன்றாகச் சேர்ந்திருப்பது என்று காரணங்கள் இருக்கும். எலக்ட்ரானிக் பொருள்கள் அதிகமாகி, ஒவ்வொன்றின் சிறு கசிவும் சேர்ந்து வீடு முழுமைக்கும் உள்ள ஒரே ஆர்.சி.சி.பி. விழுவதும் உண்டு. அதற்குத் தீர்வு சர்க்யூட்டுகளைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி. போடுவது. எந்தக் காரணமாக இருந்தாலும் டைரக்ட் செய்வது தீர்வே அல்ல.

காரணத்தைக் கண்டுபிடிக்கும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது, உங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வையுங்கள். எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் சிங்கிள் போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் எர்த்தைத் தொடும் கோளாறு என்றால், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி. அணைந்திருக்கும்போதும் ஆர்.சி.சி.பி. விழலாம். அப்போது “ஆர்.சி.சி.பி.யே போயிடுச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்களை டி.பி. பாக்ஸில் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெகர் கருவியால் சோதித்தால் குற்றவாளி சர்க்யூட் மாட்டிக்கொள்ளும்.

ஹீட்டர் பிளக்கின் சூட்டை நான் தீ ஆபத்தாகப் பார்க்கிறேன். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் கவ்வி தளர்ந்தோ கருத்தோ போய், அந்த இடத்தில் அரை ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டின் இருமடியைத் தடையால் பெருக்கினால் ஏறக்குறைய 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் சொருகி, குளிக்கப் போகும்போதெல்லாம் ஆன் செய்வது போன்றது அது. இதில் கரண்ட் அதிகமாகவே ஆகவில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. அதனால் எம்.சி.பி.க்கும் தெரியாது. மின்கசிவும் இல்லை, ஆகவே ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிக்க உங்கள் மூக்கும் கண்ணும் தொடுவுணர்வும்தான் இருக்கின்றன.

ஆகவே அந்த சாக்கெட்டையும் பிளக்கையும் இரண்டையுமே மாற்றுங்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றினால், பிளக்கின் கருகிய முனைகள் புது சாக்கெட்டையும் சீக்கிரம் கெடுத்துவிடும். பின்னால் வயரின் நுனி சூட்டில் கருத்து விறைத்திருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். அந்த சர்க்யூட்டின் வயர் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குக்குப் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இருந்து ஹீட்டருக்கு வயர் இழுத்திருப்பதும், எம்.சி.பி. விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டிருப்பதும் பழைய வீடுகளில் அடிக்கடி பார்ப்பவை. 32 ஆம்பியர் எம்.சி.பி. 46 ஆம்பியர் வரை போனாலும் ஒரு மணி நேரம் வரை விழாமல் இருக்க அதன் தரவிதியே அனுமதிக்கிறது. மெல்லிய வயர் அதுவரை தாங்குமா? சுவருக்குள் அதன் பி.வி.சி. இன்சுலேஷன் 70 டிகிரி செல்சியஸுக்குத்தான் தயாரிக்கப்பட்டது.

மங்கலாக எரியும் பல்பு ஆபத்தில்லாத காரணத்தாலும் இருக்கலாம். இண்டிகேட்டர் விளக்குள்ள சுவிட்ச் என்றாலோ, நீளமான பைப்பில் வயர்கள் ஒட்டி ஓடினாலோ எல்.இ.டி. இப்படி மினுங்கும். ஆனால் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். அப்படியென்றால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் சப்ளை இருக்கும். பல்பை மாற்ற விரல் வைப்பவருக்கு அது தெரியாது. சோதிக்கும் வரை அந்த அறையில் பல்பு மாற்றுவதென்றால் எம்.சி.பி.யையும் அணையுங்கள்.

அப்புறம், நீங்களே எதையும் திறக்காமல் செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. எல்லாப் பொருள்களின் பிளக்கையும் கழற்றி, எல்லா சுவிட்சையும் அணைத்து, மெயினை மட்டும் ஆனில் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் மீட்டரைக் கவனியுங்கள். டிஜிட்டல் மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டு விட்டு மின்னினால், கரண்ட் எங்கேயோ போகிறது. மின்னாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சிறு கசிவுகள் இதில் தெரியாது. சுவிட்ச் போர்டுகளின் மேல்தட்டை, அதிக லோடு ஓடி அரை மணி நேரம் ஆனபின் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை, சுவிட்ச் போடும்போது சரசர சத்தம், காரணம் தெரியாத மீன் வாடை இவற்றைக் குறித்து வையுங்கள். மீன் வாடை வேடிக்கையான விஷயம் அல்ல. சில வகை சுவிட்ச், சாக்கெட் பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது அப்படித்தான் நாறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹீட்டரோ மிக்ஸியோ போடும்போது விளக்குகள் ஒரு கணம் மங்குவது பரவாயில்லை. ஆனால் ஒரு பொருளைப் போடும்போது வேறு அறையின் விளக்குகள் பளிச்சென்று கூடுதலாக எரிந்தால், காத்திருக்கவே வேண்டாம். மெயின் நியூட்ரல் லூசாக இருப்பதன் அடையாளம் அது. த்ரீ ஃபேஸ் வீடு என்றால் சில பாயிண்டுகளில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறிவிடலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு சப்ளைக் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

இனி எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது. “செக் பண்ணுங்க” என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பதில்தான் வரும். மெகரும் எர்த் டெஸ்டரும் ஆர்.சி.சி.பி. டெஸ்டரும் கையில் உள்ள, லைசென்ஸ் பெற்ற ஒருவரை அழையுங்கள். மெயினை அணைத்து, எல்.இ.டி. பல்புகளையும் எலக்ட்ரானிக் பொருள்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டையும் 500 வோல்ட் டி.சி. மெகரால் சோதிக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் இருந்தாக வேண்டும். ஆரோக்கியமான வயரில் இது பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு சர்க்யூட் மட்டும் 2 மெகா ஓம் காட்டி மற்றவை 200 காட்டினால், அது பாஸ் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே ஏதோ தொடங்கியிருக்கிறது.

அடுத்தது எர்த் கன்டினியூட்டி. ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளையில் இருந்தும் மெயின் எர்த் பார் வரை தடை எவ்வளவு என்று அளக்க வேண்டும். சாதாரண வீட்டில் அது 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு சாக்கெட்டிலும் செய்யச் சொல்வதற்குக் காரணம், சிலர் எர்த் வயர் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலில் இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டு இணைத்துவிடுவார்கள். மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் அதைப் பார்த்து “எர்த் சரி” என்றே காட்டும். வழியில் எங்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், மெஷின் ஓடாது, ஆனால் அதன் உடம்பு முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். இதைவிடக் கொடிய குறுக்கு வழி வயரிங் தொழிலில் அதிகம் இல்லை. சந்தேகமிருந்தால் சாக்கெட்டைத் திறந்து கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு எர்த் ராடின் தடை, ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது, 30 மில்லி ஆம்பியரில் பாதி கசிவுக்கு விழாமல் நிற்கிறதா என்ற அளவீடுகள். பழையதை மீண்டும் இணைக்காமல் புதிதாக ஒன்று போடுங்கள், எலக்ட்ரானிக் பொருள்கள் உள்ள வீடு என்பதால் ‘ஏ’ வகையாகக் கேளுங்கள். போட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தாமலே கிடந்தால் உள் இயக்கம் இறுகிப்போகக்கூடும். அந்த பட்டன் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும். கடைசியாக, டி.பி. பாக்ஸில் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா அளவுகளையும் சர்க்யூட் வாரியாக எண்ணில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவர் அளக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

முழு வயரிங்கையும் மாற்ற வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும். வயர்கள் செம்பு, பி.வி.சி. இன்சுலேஷன், மெகர் அளவு நன்றாக இருக்கிறது என்றால், வயதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. எர்த், ஆர்.சி.சி.பி., சூடாகும் பாயிண்டுகள், பொருந்தாத எம்.சி.பி.கள் இவற்றைச் சரிசெய்தால் போதும். ரப்பரோ துணியோ சுற்றிய வயர்கள் விரலில் உதிர்ந்தால், அல்லது பல அறைகளுக்கு எர்த் வயரே போகவில்லை என்றால், மாற்றத்தான் வேண்டும். அலுமினிய வயரோடு செம்பு வயரை வெறுமனே முறுக்கிச் சேர்த்த ஜாயிண்டுகள் இருந்தால் அவை அரித்துத் தளரும், அவற்றையும் விட்டுவைக்கக் கூடாது. சுவருக்குள் பைப் நல்ல நிலையில் இருந்தால், பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி இழுத்துவிடலாம், சுவரை உடைக்க வேண்டிய இடங்கள் குறைவாகவே இருக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் முடியாது என்றால், ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் முதலில், குளியலறையும் சமையலறையும் அடுத்து, மற்ற அறைகள் பிறகு.

இந்த வேலைகள் முடியும் வரை வீட்டிலேயே இருக்கலாம். குழந்தையை உலோக உடம்புள்ள, பிளக்கில் இருக்கும் எந்தப் பொருளின் பக்கமும் விட வேண்டாம், ஃபிரிட்ஜும் அதில் சேர்த்தி. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளினால் அணையும் என்று இன்றே மாமியாருக்கும் காட்டிவிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொட்டு இழுக்காமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அளவுகள் எழுதிய தாள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த சர்க்யூட்டை முதலில் எடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.